அந்த அறைக்கு எத்தனை பேர்?

1

இந்தப் பொங்கலுக்கும் மதுரையிலிருந்து கார்த்திக் வாழ்த்து அனுப்பியிருந்தார். கரும்பு, பானை, பொங்கி வழிகிற பால், எல்லாம் ஆடுகிற மாதிரி ஒரு படம். அதற்குக் கீழே ஒரு வரி: "சார், போடி வீட்டு ஏசி பிளான் இன்னும் இருக்கா, ஃபைலை மூடிரலாமா?"

கார்த்திக் ஏசி என்ஜினியர். போன பொங்கலை ஒட்டி எங்கள் போடிநாயக்கனூர் வீட்டுக்கு வந்து, சுவர் சுவராக அளந்து, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டவர். அதற்குக் கிடைத்த பதிலில் நான் ஆடிப்போனேன். வருஷம் ஒன்று ஓடிவிட்டது, ஆட்டம் இன்னும் நின்றபாடில்லை. அதனால்தான் அவருடைய ஒற்றை வரிக்குப் பதில் எழுதாமல் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே மெல்போர்னில் தை மாதம்தான் கத்திரி வெயில். ஊரில் நீங்கள் போர்வையை இழுத்துப் போர்த்தும்போது நாங்கள் இங்கே வறுபடுகிறோம். வந்த புதிதில் ஜன்னலைத் திறந்து போட்டு, அனல் காற்றை வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்துக்கொண்டு விழித்தவன் நான். இப்போது எங்கள் வீட்டில் ஏசி எந்த அறையிலும் கண்ணுக்குத் தெரியாது. கூரைக்குள் ஒரே ஒரு மெஷின். அதிலிருந்து தவலை அகலத்துக்கு வெள்ளி நிறக் குழாய்கள் ஒவ்வொரு அறைக்கும் ஓடுகின்றன. எந்த அறைக்குக் காற்று போகவேண்டும், எந்த அறைக்கு வேண்டாம் என்று குழாய்க்குள் இருக்கிற சின்னக் கதவுகள் திறந்து மூடிக்கொள்ளும். வீட்டை இப்படிப் பகுதி பகுதியாகப் பிரிப்பதற்கு ஜோன் என்று பெயர்.

அதைப் பொருத்த வந்த வெள்ளைக்காரர் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, இங்கே யார், எப்போது, எத்தனை பேர் என்று கேட்டார். மகள் மதுவின் அறைக்கு வந்ததும், அவள் சிட்னியில் வேலைக்குப் போய்விட்டதைச் சொல்ல, "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்றேன். "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார் மனிதர். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் இங்கிலீஷ் தேனி ரோட்டில்தான் நிற்கிறது. மதுவின் அறைக்கு அன்று மூடிய கதவு இன்றும் மூடியேதான் இருக்கிறது. எனக்கு இருபது டிகிரி இருந்தால்தான் தூக்கம் வரும், என் மனைவி வசந்திக்கு இருபத்தைந்துக்குக் கீழே போனால் மூட்டு வலி. ஜோன் வந்த பிறகு அந்தச் சண்டையும் தீர்ந்தது. ஆளுக்கொரு அறையில் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

2

போடி வீட்டில் என் அக்கா சரஸ்வதி இருக்கிறாள். சரசக்கா என்றால் ஏலக்காய்க் கடை வீதியில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் புருஷனை நெஞ்சுவலிக்குக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். முன்கூடத்தில் பெண்களை உட்கார வைத்து ஏலக்காயைத் தரம் பிரித்துக் கொடுக்கிற தொழில் அவளுடையது. எனக்கு மூத்தவள். அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறாள்.

கார்த்திக் வந்ததற்கு முந்தைய சித்திரையில் வீடியோவில் பேசியபோது கழுத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்து கிடந்தது. போடி என்றால் மலையடிவாரம், ஜிலுஜிலுவென்று இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மலை கண்ணுக்குத்தான் பக்கம். சித்திரை வெயில் கீழே சமவெளியில் இருக்கிற சிலமலை கிராமத்தில் எப்படி அடிக்கிறதோ அப்படியேதான் எங்கள் தெருவிலும் அடிக்கும்.

அன்றே முடிவு செய்தேன். மெல்போர்ன் வீட்டில் இருப்பதைப் போலவே போடி வீட்டுக்கும் போட்டுவிடுவது. அறைக்கு ஒரு ஜோன். அக்காவுக்குப் பின்பக்கத்துச் சின்ன அறை, இருபத்தாறு டிகிரி, சளி பிடிக்காது. மாடியில் எங்களுக்குப் பெரிய அறை. மதுவுக்கு ஒன்று. இதில் என்னை மயக்கியது என்னவென்றால், எல்லாவற்றையும் என் கைபேசியிலிருந்தே நடத்தலாம். மெல்போர்னில் உட்கார்ந்தபடி போடியில் அக்காவின் அறையைக் கூட்டலாம், குறைக்கலாம், அணைக்கலாம்.

இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். மலை மேலே, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், அப்பாவுக்குச் சின்ன ஏலத்தோட்டமும் பச்சைக்காயைக் காய வைக்கிற ஒரு கட்டடமும் இருந்தன. அந்தக் கட்டடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்று பெயர். வெளியே ஓரத்தில் அடுப்பு. அடுப்பின் சூட்டை ஒரு பெரிய இரும்புக் குழாய் அறை அறையாகச் சுற்றிக் கொண்டுபோகும். அறைக்குள் தட்டுத் தட்டாகக் காய். பாதி காய்ந்த காயோடு புதுக்காயைக் கொட்டினால் இரண்டுமே நிறம் கெட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு லோடும் தனித்தனி அறையில். உள்ளே சூடு பிடித்த பிறகு யாரும் கதவைத் திறக்கக் கூடாது. கதவில் உள்ளங்கை அளவுக் கண்ணாடி பதித்திருக்கும், உள்ளே தெர்மாமீட்டர் தொங்கும். அப்பா அந்தக் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்து, அடுப்புக்காரரிடம் "ஒரு கட்டையக் கொறைய்யா" என்பார். ஏலக்காய் வீட்டில் பிறந்தவனுக்கு வீட்டுக்குக் குளிர் போடச் சொன்னாலும் ஸ்டோர்தான் கட்ட வருகிறது.

அப்பா காலமான பிறகு அந்த ஸ்டோரைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் சேவியர் அண்ணன். போடி சர்ச்சுத் தெருக்காரர். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது. நான் கால்சட்டை போட்ட நாளிலிருந்து அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெயரை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

3

போன தை மாதம் நான் மட்டும் ஊருக்குப் போனேன். வசந்திக்கு லீவு கிடைக்கவில்லை. முதல் வேலையாக மின்சார ஆபீசுக்குப் போனேன். இவ்வளவு பெரிய மெஷினுக்கு மும்முனை இணைப்பு வேண்டும், லோடு கூட்டவேண்டும். இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருந்தது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, அக்காவின் சம்மதக் கையெழுத்து, அப்புறம் ஆஸ்திரேலியக் குடிமகன் எப்படி இங்கே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சந்தேகம். மேசைக்கு மேசை அலைந்தேன்.

"ஒரு அம்மா தனியா இருக்குற வீட்டுக்கு எதுக்கு சார் இம்புட்டு லோடு?" என்றார் ஒரு அலுவலர்.

பக்கத்து மேசைக்காரர் தொண்டையைச் செருமினார். "சரசக்கா வீடுண்ணே அது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். இரண்டு பேரும் அதன்பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அக்காவுக்கு ஊரில் நல்ல மரியாதை என்று பூரித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் கார்த்திக் வந்தார். சுவரில் சிவப்புப் புள்ளி அடித்து அளக்கிற கருவியோடு வீட்டைச் சுற்றினார். முன்கூடத்தில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கையை நீட்டி நீட்டி, இது ஒன்றாம் ஜோன், அது இரண்டாம் ஜோன், மாடியில் மாஸ்டர் பெட்ரூம் என்று விளக்கினேன்.

"அதுல யாருடா மாஸ்டரு?" என்றாள் அக்கா. பெண்கள் சிரித்தார்கள்.

கார்த்திக் ஒவ்வொரு அறைக்கும் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆளுக்கு ஆள் உடம்புச் சூடு இருக்கிறதாம். தலையை எண்ணாமல் மெஷின் அளவைச் சொல்ல முடியாதாம். மாடி அறைக்கு இரண்டு என்றேன். மதுவுக்கு ஒன்று என்றேன். பின்னறை வாசலுக்கு வந்தோம்.

"இந்த ரூமுக்கு?"

"ஒண்ணு" என்றேன். "அக்கா மட்டும்தான்."

"ரெண்டுன்னு போடுங்க தம்பி" என்றாள் அக்கா.

மது வந்தால் அத்தையோடு படுப்பாள் என்று சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன். "மதுவுக்குத்தான் தனி ரூமு இருக்குல்லக்கா."

"மது இல்லடா. நானும் சேவியரும்."

கூடத்தில் காய் உருளுகிற சத்தம் சட்டென்று நின்றது. கார்த்திக் பாவம், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்க்கிறார், அக்காவைப் பார்க்கிறார். நான் சுவரில் நின்ற சிவப்புப் புள்ளியையே பார்த்தேன்.

"மாசி கழியட்டும்னு இருக்கோம்" என்றாள் அக்கா, தோசைக்கு ஊறப்போட்டதைச் சொல்வதுபோல. "ரெஜிஸ்டர் ஆபீசுல. அவுக சாமி அவுகளுக்கு, என் சாமி எனக்கு. நீ வந்ததுலருந்து நேருல சொல்லணும்னுதான் இருந்தேன். இவரு கேட்டுட்டாரு. தப்பாவா சொல்ல முடியும்? மெஷினு சின்னதாப் போயிருமில்ல?"

4

கார்த்திக்கை அனுப்பிவிட்டு, பெண்களையும் அனுப்பிவிட்டு, நான் கத்திய கத்தலை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. என்னக்கா இது, இந்த வயசுல, வேற மதத்துக்காரரு, ஊரு என்ன சொல்லும் என்று சினிமாவில் வருகிற அண்ணன்மார்களைப் போலக் கத்தினேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"குடி மொதல்ல. ஊருக்கெல்லாம் ரெண்டு வருசமாத் தெரியும். ஊரு சொல்லி முடிச்சிருச்சு."

மின்சார ஆபீஸ்காரர் ஏன் தொண்டையைச் செருமினார் என்று அப்போது புரிந்தது.

"எனக்கு ஏன்க்கா சொல்லல?"

"நீ எப்பக் கேட்ட? போனைப் போட்டா, மாத்திரை சாப்பிட்டியா, கதவப் பூட்டுனியா, வெயிலு எப்பிடி. இம்புட்டுத்தான. இப்ப என்னடான்னா ஆஸ்ரேலியால இருந்து என் ரூமுக் குளுரக் கூட்டுவேன், கொறைப்பேன்ங்கிற. நான் என்ன காயாடா, கண்ணாடி வழியாப் பாத்துப் பாத்துத் தீயக் கொறைக்கிறதுக்கு?"

வேறு எதையாவது சொல்லவேண்டுமே என்று, தனி அறை, தனி ஜோன் என்றால் எவ்வளவு வசதி தெரியுமா, நானும் வசந்தியுமே அப்படித்தான் தூங்குகிறோம் என்று உளறிவிட்டேன். அக்கா அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நேரம் அசையாதவள் அதற்கு ஆடிப்போனாள்.

"என்னடா சொல்ற? புருசன் ஒரு ரூமு, பொண்டாட்டி ஒரு ரூமா? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லக்கா. டிகிரி ஒத்துவரல."

"டிகிரியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ணா இருக்க ஆளு இருந்தும் செவுரு வச்சுப் படுத்திருக்கீக. நான் முப்பது வருசமா ஒத்தையில படுத்தவ. என்னையப் பாத்து ஊரு என்ன சொல்லும்ங்கிற."

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "வீடு அப்பா உன் பேருக்குத்தான் எழுதி வச்சாரு. அதனால ஒரு வார்த்த கேக்குறேன் அப்பு. நானும் அவுகளும் இந்த வீட்டுல இருக்கலாமா?"

சரி என்ற ஒற்றைச் சொல் என் வாயில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மதுவுக்குப் போன் போட்டேன். அவள் தமிழ் மறந்துவிட்டாள், ஊரை மறந்துவிட்டாள், அத்தை யார் என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை என்று இங்கே நண்பர்களிடம் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். விஷயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கினேன்.

"சேவியர் அங்கிள் தானேப்பா? அத்தை போன வருஷமே சொன்னாங்க" என்றாள் மது. "நாங்க சண்டே சண்டே பேசுவோம். புடவை கலர்கூட நான்தான் செலக்ட் பண்ணேன். நீங்க நோ சொல்லலையே?"

மகள் என்னை விட்டு விலகிப் போய்விட்டாள் என்று நினைத்திருந்தேன். அவள் எங்கள் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறாள், நான்தான் வெளியே.

5

அக்காவோடு சரியாகப் பேசாமல் சில நாட்கள் போயின. சோறு வைத்தாள், சாப்பிட்டேன். யோசிச்சாச்சா என்று அவள் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு காலையில் சேவியர் அண்ணனையே பார்த்துவிடுவது என்று தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். தூக்குவாளியும் மழைக்குத் தலையில் போர்த்துகிற கொங்காணியுமாகப் பெண்கள் நெருக்கியடித்து இடம் கொடுத்தார்கள்.

"சரசக்கா தம்பியா? ஸ்டோருக்கா போறீக?" என்றாள் ஒருத்தி. ஆமாம் என்றேன். "நல்லது, வெரசாப் பேசி முடிங்க" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். போடிமெட்டுக்குப் போகிற ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பே என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

ஸ்டோரில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடைசிப் பறிப்புக் காய். சேவியர் அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"வரு, வரு" என்றார். மலையிலேயே இருந்து அவர் பேச்சில் மலையாளம் ஏறிவிட்டது. "சாயா குடிக்கிறீகளா? வெளிய குளுரு, உள்ள வாங்க."

ஸ்டோரை ஒட்டி அவர் வீடு. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கிழக்கு ஜன்னல் பக்கம் ஒரு அகலக் கட்டில். அதன் பக்கத்தில் அக்காவின் தையல் மெஷின் இருந்தது. மிதிக்கிற பலகையில் ஒரு மூலை உடைந்த, நான் சின்ன வயதில் ஏறி விளையாடிய அதே மெஷின். பின்னறையில் அவள் தலைமாட்டில் இருக்கவேண்டியது.

"இது எப்ப வந்துச்சு?" என்றேன்.

"முந்தாநாளு திரும்புற ஜீப்புல ஏத்தி விட்டா. அதுக்கு முன்ன டிரங்குப் பெட்டி." அவருக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது. "நான் சொன்னேன், தம்பி யோசிக்கட்டும், திடுக்குனு கேட்டா யாருக்கும் அப்பிடித்தான் இருக்கும்னு. அவ கேக்கல."

தையல் மெஷின் ஆளுயரத்துக்கு இல்லாவிட்டாலும் இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற சாமான். டிரங்குப் பெட்டி அதைவிடக் கனம். அதே வீட்டில் மாடியில் நான் இருந்தேன். அக்காவின் அறைக்கு நீளம், அகலம், ஜன்னல் எந்தத் திசை, சூடு எவ்வளவு, எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த அறை காலியாகிக்கொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தான், நீங்க ரெண்டு பேரும் கீழ வந்துருங்க. நம்ம வீடு அது."

அண்ணே என்று கூப்பிட்டே பழகிய வாயில் அத்தான் என்று வந்ததில் இரண்டு பேருக்குமே கண் கலங்கிவிட்டது. "ஆயிக்கோட்டே மாப்ளே, ஆகட்டும்" என்றார். "எனக்கு எங்கன்னாலும் செரி. ஆனா அவகிட்ட நீங்கதான் கேக்கணும்."

கீழே வந்ததும் கூடத்துக்கே போய், காய் பொறுக்குகிற அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். "அக்கா, சரி. முழு மனசா சரி. பெரிய ரூமே உங்களுக்கு."

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைத் தடவினாள். "நீ சொன்னதே போதும் அப்பு. ஆனா நான் மேல போறேன். ஒருத்தரு யோசிச்சுச் சொல்ற வீட்டுல ரெண்டு பேரு எப்பிடிடா தூங்குறது?"

நான் எவ்வளவோ மன்றாடினேன். அவள் கோபமாக இருந்தாலாவது சமாதானப்படுத்தலாம். கோபமே இல்லை. எனக்குப் பிடித்த சுண்டவத்தல் குழம்பு வைத்தாள், கதை பேசினாள், சிரித்தாள். ஊருக்குக் கிளம்புகிற நாளில் கார்த்திக் போன் செய்து, "சார், அந்தப் பின் ரூமுக்கு ரெண்டுன்னே ஃபைனல் பண்ணிரவா?" என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

6

மாசி கழிந்து கல்யாணம் நடந்தது. மது சிட்னியிலிருந்து பறந்து போய் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் பார்த்தேன். இப்போது அக்கா காலை ஜீப்பில் மலையிலிருந்து கீழே இறங்கி வருகிறாள். கூலிக்குப் போகிறவர்கள் எல்லோரும் மேலே ஏறுகிற நேரத்தில் அவள் ஒருத்தி மட்டும் எதிர்த் திசையில். கூடத்தில் காய் பொறுக்குகிற சோலியை முடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஏறிவிடுகிறாள். இரவில் அந்த வீட்டில் யாரும் இல்லை.

நான் பிரித்து வைத்த அத்தனை ஜோனுக்கும் இன்று கார்த்திக் தலையை எண்ணினால் பூஜ்யம்தான் வரும். ஃபைலை மூடிவிடுங்கள் என்று அவருக்கு ஒருவழியாக எழுதிவிட்டேன்.

எழுதிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, மலையில்தான் இருந்தாள். பின்னால் அத்தான் யாரிடமோ விறகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாத்திரை, கதவு, வெயில் என்று நாக்கு நுனிவரை வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு, "எப்பிடிக்கா இருக்க?" என்றேன்.

"இங்கன ராத்திரி பல்லு கிட்டுது" என்று சிரித்தாள். "ஒரே கம்பளிதான். உங்க அத்தான் பாதிக்கு மேல இழுத்துக்கிறாரு."

"சித்திரையில வர்றேன்க்கா. மேலதான் தங்கப்போறேன்."

"வா அப்பு. பக்கத்துல ரூமு எடுத்துக் கட்டிக்கிட்டிருக்கோம். கொத்தனாரு கேட்டுக்கிட்டே இருக்காரு." அதையே என்னிடமும் கேட்டாள். "எத்தன பேருடா வர்றீக? உங்களுக்கு ஒரு ரூமு போதுமா, ரெண்டு வேணுமா?"

என் அறையில் இருபது டிகிரி. கூரைக்குள் மெஷின் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்தைந்தில் வசந்தி இருந்தாள்.

"லைன்லயே இரு அக்கா, கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் அவள் கதவைத் தட்டினேன்.